ஆலையின் புது மோட்டார்

மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970ஆம் ஆண்டு முதல் இருபோகம் விளையும் நிலப்பரப்பில் எங்கள் யான் வட்டாரமும் ஒன்று. நெல் பெருகவே ஆலைகளின் வேலையும் பெருகிற்று.

எண்ணெய் இயந்திரத்தை அகற்றி மின்மோட்டார் பூட்டிய பழைய ஆலையொன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். விசை கூடியிருந்தது, ஆனால் முழு அரிசியினும் நொய்யே மிகுதியாக வீழ்ந்தது! இழப்பு, வீட்டுச் சோற்றுக்கு நெல் கொணர்ந்த உழவருக்கு.

நம் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50. நான்கு துருவ மோட்டார் அதில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1440 முறை சுழலும். மெதுவாய் ஓடிய இயந்திரத்திற்கென அமைந்த சிறு கப்பியைப் பொறியில் அப்படியே விட்டிருந்தனர்.

பொறிக்கு வேண்டியது 720 சுற்று; மோட்டாரில் 6 அங்குலக் கப்பியெனில் பொறிக்கு 12 அங்குலம். மறுநாள் இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன், கணக்கென்றாலே தலைகுனியும் மாணவன். அவன் எழுதித் தந்த தாளை ஆலைக்காரர் இருமுறை படித்துவிட்டு, அளவுகோலைத் தேடினார்.