சுருக்கமும் வாய்மையும்

பாயிரம் இல்லாத நூலை நூலாகவே ஏலாதது தமிழ் மரபு. நூலின் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைச் சிறப்புப் பாயிரத்துள் உணர்த்துக என வகுத்தார் நன்னூலார். இன்றைய அறிவியல் உலகில் அதற்கு நிகராக நிற்பது ஆய்வுச் சுருக்கம். ஏன் ஆய்ந்தனர், எவ்வாறு ஆய்ந்தனர், என்ன கண்டனர், அதனால் பெறப்படுவது யாது என்னும் நான்கு வினாக்களுக்கும் ஏறத்தாழ 250 சொற்களில் அது விடை பகர வேண்டும். பாயிரம் கற்போனை நூலுக்குள் அழைத்துச் செல்லும். ஆய்வுச் சுருக்கத்தைப் படிப்போருள் பலரோ அதனோடு நின்றுவிடுவர். ஆதலின் அதன் பொறுப்பு பெரிது.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களைக் குறைக்க, வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஆண் கொசுக்களைக் குடியிருப்புகளில் விடும் கள ஆய்வு 2016ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. ஈசூனைச் சார்ந்த நீ சூன் கிழக்கும் அதற்குத் தேர்ந்த இடங்களுள் ஒன்று. ஆண் கொசு கடிப்பதில்லை. அந்நுண்ணுயிர் இல்லாத பெண் கொசு அதனோடு கூடி இடும் முட்டைகள் பொரிவதில்லை. ஓராண்டேனும் கொசுக்கள் விடப்பட்ட இடங்களில், விடப்படாத இடங்களைவிட 65 முதல் 80 விழுக்காடு குறைவாக டெங்கி காணப்பட்டதெனத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2020இல் அறிவித்தது.

இதனைச் சுருக்கப் புகும் மாணவர் ஒருவர், 'ஈசூனில் டெங்கி 80 விழுக்காடு ஒழிந்தது' என்று எழுதினால் என்னாகும்? கால வரையறையும் ஒப்பீடும் கீழெல்லையும் மறைந்தன. சொல்ல வேண்டியதை விட்டதனால் குன்றக் கூறல். அவ்விடுபாட்டாலேயே கூற்று பெருகியதனால் மிகைபடக் கூறல். ஒரே தொடரில் இரு குற்றங்கள்! அதனை நம்பிய இல்லத்தார் பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்ட மறப்பர், கொசு மறவாது.

இது மாணவர்க்கு மட்டும் உரிய வழு அன்று. புகழ்பெற்ற ஆறு மருத்துவ இதழ்களின் ஆய்வுச் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்புநோக்கிய ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. கட்டுரையோடு முரண்பட்ட அல்லது கட்டுரையில் இல்லாத செய்தியைக் கொண்ட சுருக்கங்கள், இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன.

ஆகவே, கட்டுரையை முடித்த பின்னரே சுருக்கத்தை எழுதுதல் நன்று. எழுதிய ஒவ்வோர் எண்ணையும் கட்டுரையோடு ஒத்துப்பார்த்தல் இன்றியமையாதது. அடைமொழிகளையும் ஆரவாரத்தையும் களையலாம்; 'வரை', 'ஏறத்தாழ', 'இவ்விடத்து' போன்ற சிறு சொற்களைக் களைதல் ஆகாது. உண்மையின் எல்லையைக் காப்பவை அவையே.