திண்ணையும் விடுதியும்

பட்டு வணிக அலுவலாக ஒடிசா சென்றிருந்தபோது, பூரி நகரின் பி.என்.ஆர். விடுதியில் ஓர் இரவு தங்கினேன். வங்காள நாக்பூர் ரயில்வே 1925ஆம் ஆண்டு திறந்த விடுதி அது. 1944இல் அந்த ரயில்வேயை அரசு ஏற்றுக்கொண்டது. நிறுவனம் மறைந்தும் அதன் மூன்று எழுத்துகள் விடுதியின் பெயரில் நிலைத்துவிட்டன. கட்டடம் புதுப்பிக்கப்பட்டபோதும் பழைய நீண்ட தாழ்வாரங்கள் திறந்தே இருக்கின்றன.

பயணி என்பதால் இஷாவைச் சுருக்கித் தொழுதுவிட்டு, தாழ்வாரத்தில் அமர்ந்தேன். கடற்காற்று வீசியது. காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

பாட்டனார் கட்டிய அத்திண்ணையில், வைகாசி கருட சேவை காண வந்தவர்களும் தலைசாய்த்ததுண்டு. விடிந்ததும் அத்தா அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். பெயரோ மார்க்கமோ கேட்டதில்லை. அவர் மறைந்த பின், பாதுகாப்புக் கருதி, நான் அதற்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினேன்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸகாத் பெறத் தகுதியுடையோருள் வழிப்போக்கரையும் குர்ஆன் (9:60) சேர்க்கிறது. வாடகை வாங்கும் விடுதி தன் தாழ்வாரத்தைக் காத்து நிற்கிறது. வாடகை வாங்காத எங்கள் மரபை நானே அடைத்துவிட்டேன். அன்றிரவு அந்த எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

ஊர் திரும்பியதும் பகல் வேளையில் கதவைத் திறந்துவைக்கத் தொடங்கினேன். திண்ணையோரம் ஒரு மண்பானையில் தண்ணீரும் இருக்கிறது. இரவிலும் திறந்துவைக்க இன்னும் துணிவு வரவில்லை. அல்லாஹ் அதையும் தருவானாக.