பகலில் பாடிய ரேடியோ

1980 மார்ச்சில் ஓர் இரவு, ஏழரை மணி இருக்கும். அரியலூர் வீட்டில் அப்பா சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். குரல் நடுங்கிற்று, தேய்ந்தது, போய்விட்டது. என்னை அடித்தார். குமிழைத் திருகிக் கெடுத்துவிட்டேனாம். நான் தொடவேயில்லை. மறுநாள் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். ரிப்பேர் கடையில் வைத்ததும் பகல் பதினோரு மணிக்கு அது கணீரென்று பாடிற்று. ஆக, குற்றவாளி நான்தான்.

வெகுநாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. பகலில் அதற்கு மேலே அயனி மண்டலத்தின் மின்துகள்கள் எழும்பி, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிகின்றன. நம் தலைக்கு மேல் கிளம்புவது குஜராத் பக்கம் போய்க் குவிகிறது. (நம்மவர் எழுத்துக்கும் இந்த வழக்கம் உண்டு.) பொழுது சாய்ந்ததும் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலேறும். மார்ச், செப்டம்பரை ஒட்டி, சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த வருஷங்களில் இவை அதிகம். குறுக்கே வரும் அலை சிதறும். 1979, 1980 அப்படிப்பட்ட வருஷங்கள்.

கோடைக்கானலில் 1950-களிலேயே அலையை மேலே அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவி இருந்தது. அடர்த்தி உச்சமாகும் உயரம் வரைதான் அதற்குத் தெரியும். அதைத் தாண்டிய அலை திரும்பாது. 1962-ல் ஏவப்பட்ட கனடாவின் அலூயெட் விண்கோள் அதே காரியத்தை மேலிருந்து கீழ்நோக்கிச் செய்தது. அதற்குத் தெரிந்தது முதுகு மட்டும். தரையிலுள்ளவன் வயிற்றைப் பார்த்தான். இரண்டையும் உச்சியில் ஒட்டவைத்து, 1960-களின் கடைசியிலிருந்து ஒரு சர்வதேச மாதிரியைக் கட்டித் திருத்திக்கொண்டே வருகிறார்கள். பூமத்தியரேகைப் பக்கத்து மாலை நேரங்களில்தான் மாதிரியும் அளவும் அடிக்கடி பிணங்குகின்றன.

அந்த மார்ச்சுக்கு, அரியலூருக்கு, மாதிரி என்ன சொல்கிறதென்று பார்த்தேன். வழவழப்பான ஒரு கோடு. மாதத்தின் சராசரி. நான் அடி வாங்கிய இரவு அதில் கரைந்துபோயிருந்தது. அந்த ஓர் இரவுக்கு, கோடைக்கானல் கருவி வாங்கிய எதிரொலி ஒன்றுதான் எனக்குச் சாட்சியாக முடியும்.

அப்பா இருக்கும்போதே ஒரு தாளில் படம் போட்டு இதையெல்லாம் விளக்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். தாளை மடித்துத் தந்தார்.

“எல்லாம் சரிடா. ஆனா நீ தொட்டிருப்ப.”