தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகள்

"டீச்சரக்கா, கவுன்சிலர் ஆயிட்டீங்களாமே! எந்தக் கட்சி?" என்று எதிர் வீட்டுப் பெண் வாசல் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

எங்கள் கீழப்பாவூர் பேரூராட்சியில் கவுன்சிலர் என்றால் ஒரே அர்த்தம்தான். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறவர். நான் ஆனது வேறு. குற்றாலத்தில் நான்கு நாள் நடக்க இருந்த ஒரு குழந்தைகள் முகாமுக்கு ஆலோசகர். "பிள்ளைகளோட தங்கி, அதுங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்" என்று அவளிடம் சொல்லி வைத்தேன். என்ன பிள்ளைகள் என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை.

2023 மே மாதம் கடைசி வாரம் அது. நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மதுரை, திருநெல்வேலி, சென்னை என்று பல ஊர்களில் குழந்தைகளைத் தத்து எடுத்து வளர்க்கும் பெற்றோர் சிலர் சேர்ந்து, கோடை விடுமுறையில் தங்கள் பிள்ளைகள் ஒன்றாகத் தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பத்தொன்பது பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பதினாறு வரை. பெண் பிள்ளைகளோடு ராத்திரி துணைக்குத் தங்க இந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி வேண்டுமாம். அந்தப் பெற்றோரில் ஒருத்தி என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவள். "உன்னை விட்டா யாரைக் கூப்பிடுவேன்? நீயும் தத்துப்பிள்ளைதானே" என்றாள் போனில். சட்டென்று போய் வாசல் கதவைச் சாத்தினேன். ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயத்தை யார் கேட்டுவிடப் போகிறார்கள் என்று சாத்தினேனோ!

என் கதை பெரிய கதை இல்லை. 1962-ல் இதே கீழப்பாவூரில், ஒரு வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தேன். தகப்பனாரின் அண்ணனுக்குத் தென்காசியில் சின்னதாக ஜவுளிக்கடை, பிள்ளை இல்லை. நாற்பதாம் நாள் தீட்டுக் கழிந்ததும் என்னைத் தூக்கி அவர்கள் மடியில் போட்டார்கள். பழைய இந்து சட்டப்படி ஆண்பிள்ளையைத்தான் சுவீகாரம் எடுக்கலாம். பெண்ணையும் எடுக்கலாம் என்று சொன்னது 1956-ல் வந்த சட்டம்தான். தகப்பன் பிள்ளையைக் கொடுப்பதற்குத் தாயின் சம்மதம் வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதை யார் படித்தார்கள்?

எடுத்து வளர்த்தவர்களைத்தான் அப்பா, அம்மா என்று கூப்பிட்டேன். என்னைப் பெற்றவளைச் சித்தி என்றேன். விசேஷங்களுக்குப் போவோம், வருவோம். சித்தி எனக்கு ஒரு அதிரசம் கூடுதலாக வைப்பாள். மற்றபடி வித்தியாசம் கிடையாது. சித்தியிடம் ஒரு விநோதம் உண்டு. எல்லோரும் மல்லிகைக்கு உயிரை விடும்போது இவள் மட்டும் தலையில் வைக்க மாட்டாள். கனகாம்பரம் வைப்பாள், பிச்சிகூட வைப்பாள். மல்லி என்றால் "தலைவலிக்கும்" என்று ஒதுக்கி விடுவாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது பன்னிரண்டு வயதில், ஒரு கல்யாண வீட்டில். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இவதானா சின்னவன் பெத்து மூத்தவனுக்குக் கொடுத்த பிள்ள? மூக்கைப் பாரேன், அப்படியே சின்னவ மூக்கு!" என்றாள். இலையில் அப்போதுதான் பாயசம் விட்டிருந்தார்கள். அதைச் சாப்பிட்டேனா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் மூக்கைப் பார்த்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அன்றிலிருந்து நான் ரொம்ப நல்ல பிள்ளையாகி விட்டேன். தீபாவளிக்கு இந்தப் பாவாடை வேண்டும் என்று கேட்டதில்லை. எதிர்த்துப் பேசியதில்லை. அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், "என் மக வாயே திறக்க மாட்டா" என்று. திறந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

முகாமுக்கு முந்தின நாள், சென்னையிலிருந்து வந்திருந்த குழந்தை மனநல மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சில விஷயங்கள் சொன்னார். அமெரிக்காவில் இது பழைய வழக்கமாம். 1955-ல் ஆரிகன் மாநிலத்து ஹோல்ட் தம்பதி, கொரியப் போரில் அநாதையான எட்டுக் குழந்தைகளைத் தத்து எடுத்தார்கள். அதைப் பார்த்து எத்தனையோ குடும்பங்கள் எடுத்தன. அந்தப் பிள்ளைகளுக்காகக் கோடை முகாம்கள் வந்தன. தத்துப்பிள்ளையாக வளர்ந்து பெரியவர்களானவர்களே அங்கே ஆலோசகர்களாக இருந்தார்கள். கொலராடோவில் இந்தியாவிலிருந்து போன பிள்ளைகளுக்கென்றே ஒரு முகாம் நடக்கிறதாம். "பாடம் எடுக்க வேண்டாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஆறுதல்படுத்தவும் வேண்டாம். உடன் இருங்கள், போதும்" என்றார். முப்பத்தைந்து வருஷம் பாடம் எடுத்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும், பாருங்கள்!

பிள்ளைகள் வந்து இறங்கியதும் முதல் ஏமாற்றம் அருவி. சீசன் தொடங்கவில்லை. மெயினருவியில் நூல் பிடித்த மாதிரித் தண்ணீர். பாறையில் செதுக்கிய லிங்கங்கள் பளிச்சென்று தெரிந்தன. "இதுக்கா மதுரையிலேருந்து வந்தோம்?" என்று ஒரு பையன் கேட்டான். குளிக்க வழியில்லாததால் நிறையப் பேச நேரம் கிடைத்தது.

முதல் நாள் சாயந்திரம் ஒரு விளையாட்டு. உங்களுக்குப் பிடிக்காத கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றார் மருத்துவர். பிரித்துப் படித்தோம். "உன் சொந்த அம்மா யாரு?" இதுதான் அதிகம். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று ஒன்று. பதினாறு வயதுப் பையன் ஒருவன் எழுதியதற்கு எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சலுக்குப் போனாலும் டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா?" என்று கேட்பாராம். இவன் அப்பா உடனே "எனக்கு இருக்கு டாக்டர்" என்பாராம். வெளியே வந்த பிறகுதான் அப்பாவுக்கும் மகனுக்கும் உறைக்குமாம். "அப்பா மறந்தே போயிடுறார் ஆன்ட்டி" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது?

இன்னொரு சீட்டு என்னைச் சுட்டது. "கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்த போட்டோ கொண்டு வா." பள்ளிக்கூடத்தில் கேட்பது. கேட்கிறவள் நான்தானே! மூன்றாம் வகுப்புக்கு 'என் குடும்பம்' பாடம் வரும்போதெல்லாம் குடும்ப மரம் வரைந்து, குழந்தை போட்டோ ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கொண்டு வராத பிள்ளையை நிற்க வைத்திருக்கிறேன். தத்துப்பிள்ளையான எனக்கே அது தோன்றவில்லை. என் போட்டோவும் ஒன்று இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நம் வீடுகளில் சொல்வோமே, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று. சாப்பிட அடம் பிடித்தால், தம்பியோடு சண்டை போட்டால், உடனே அதுதான். அதன் பின்னால் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப் போன வீட்டில், பிறந்த குழந்தையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். மதிப்பில்லாத பண்டம் என்று எமன் ஏமாந்து போவானாம். தவிடன், பிச்சை, குப்பம்மாள் என்று பெயர் வைத்ததும் அதற்குத்தான். உயிரைக் காப்பாற்றச் செய்த தந்திரம் இப்போது கேலியாக நிற்கிறது. நான் இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ராத்திரி முழுக்க ஒருவரையொருவர் "ஏ தவிடு!" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அதட்டவா, விடவா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி இருந்தாள், பதிமூன்று வயது. தொட்டிலில் போடப்பட்ட குழந்தை. 1992-ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்து, 2001-ல் மதுரைப் பக்கமும் கொண்டு வந்ததே, அப்படி வந்தவள். இரண்டாம் நாள் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களை ஏன் ஆன்ட்டி கொடுத்தாங்க?"

"தெரியலம்மா."

"உங்கம்மா இருக்காங்களா? பெத்தவங்க?"

"இருக்காங்க. இங்கேருந்து இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. எங்க வீட்டுக்கு அடுத்த தெரு."

"கேக்கலையா?"

"இல்ல."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எனக்குக் கேக்க ஆளே இல்ல. பைல்ல ஒரு மஞ்சத் துணி இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான். உங்களுக்கு அடுத்த தெருவுல இருக்காங்க, நீங்க கேக்கல!" என்றாள். கோபம்தான், சந்தேகமில்லை. நான் தலையைத் தடவப் போனேன், நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி நாள் பெற்றோர்கள் வந்தார்கள். அதில் அம்மாக்கள் கேட்டதுதான் அதிகம். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று. மருத்துவர் சொன்னது எனக்குப் புது விஷயம். உட்கார வைத்து ஒரு நாள் சொல்கிற ரகசியமாக வைக்காதீர்கள், மடியில் இருக்கும்போதே தாலாட்டு மாதிரிச் சொல்ல ஆரம்பித்துவிடுங்கள் என்றார். "தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சொல்லக் கூடாது, "வளர்க்க முடியாத நிலைமை" என்றால் போதும். வந்து போகிறவர்கள் "கொடுத்து வச்சவ, நல்ல இடத்துல வந்து சேர்ந்தே" என்பதை முகத்துக்கு நேரே தடுத்துவிட வேண்டும். நான் கையைத் தூக்கி, "இது ரொம்ப முக்கியம்" என்றேன். கேட்காத ஒரு பாவாடைக் கணக்கு எனக்கு மட்டும்தானே தெரியும்! இன்னும் பிள்ளையிடம் சொல்லாத ஒரு தாய், "சொல்லாமலே முகாமில் சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று முன்பே போனில் கேட்டாளாம். சிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

சட்ட விவரமும் சொன்னார்கள். 1990-லிருந்து தத்தெடுப்புக்கென்று மத்திய அரசின் அமைப்பு ஒன்று, 'காரா' என்று இருக்கிறது, பதிவு இணையத்தில்தான். ஆஸ்பத்திரியிலோ தரகரிடமோ குழந்தை வாங்குவது குற்றம். 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை தருகிறார். பதினெட்டு வயதானால் பிள்ளை தன் பூர்வீகத்தைத் தேடக் கேட்கலாம். பெற்றவளின் ரகசியத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. பிள்ளையை ஒப்படைக்கிற தாய்க்கு மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாதம் அவகாசமாம். அறுபது நாள்! நான் நாற்பதாம் நாளே போனவள்.

ஊர் திரும்பினேன். மறுநாள் காலையில் சித்தி வீட்டுக்குப் போனேன். எண்பத்திரண்டு வயதில் முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காபி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்து போய், "சித்தி, என்னை ஏன் கொடுத்தீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

கை நின்றது. "இத்தனை வருஷம் கழிச்சா கேக்க?" என்றாள். அப்புறம், "என்னை யாருட்டி கேட்டா? 'மூணும் பொட்டையாப் போச்சு, ஒண்ணை மூத்தவனுக்குக் கொடு'ன்னாங்க உன் ஆச்சி. கொடுத்தேன். ரெண்டாம் நாளு பால் கட்டி மாரு கல்லாப் போச்சு. காய்ச்சல். பால் வத்தணும்னு சங்கரன்கோவில் மல்லி வாங்கியாந்து மாருல வச்சுக் கட்டினாங்க. மூணு நாளு. புதுப்பூ மாத்தி மாத்தி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாசனையே ஆகாமப் போச்சு" என்றாள்.

நான் முறத்தை என் பக்கம் இழுத்து மீதிக் கீரையை ஆய்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சடைக்காரி தன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். எடுத்ததும் "கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன் என்றேன். என்ன சொன்னார்கள் என்றாள். மல்லிகைப் பூவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"எங்கம்மாவும் அப்படி வச்சுக் கட்டியிருப்பாங்களா ஆன்ட்டி?"

"தெரியலம்மா" என்றேன். "கட்டியிருக்கலாம்."