மண்புழுவுக்குத் தடை

தேக்காவில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாயில் இறங்கி, மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போய், ஒருநாள் நம் வீட்டுக் குழாயில் வரும். 2008-இல் மரீனா அணைக்கட்டு திறந்த பிறகு நிலைமை இதுதான். கால்வாயோரம் நிற்பவர்கள் பலர் அதை இன்னும் சாக்கடை என்றே நினைக்கிறார்கள்.

இந்தத் தீவில் 17 நீர்த்தேக்கங்கள். எல்லாமே குடிதண்ணீருக்காக. அதனால் மீன் பிடிப்பதற்குக் குறித்துவிட்ட இடங்கள் மட்டும்தான் உண்டு. அங்கேயும் செயற்கை இரைதான் போட வேண்டும்.

எங்கள் கட்டுமானத் தளத்தில் சிவகங்கைப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு லோவர் சிலேத்தார் போனேன். கையில் நூல், தூண்டில் முள், ஒரு டப்பா. டப்பாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, மண்புழு போடக் கூடாது."

"ரொட்டி?"

"அதுவும் கூடாது. பிளாஸ்டிக் மீனுதான்."

"பிளாஸ்டிக்கத் திங்கிற மீன நாம திங்கணுமா தம்பி?"

விதியில் நியாயம் இருக்கிறது. இரை அழுகினால் தண்ணீர் கெடும். உயிருள்ள இரை தப்பினால் அதுவும் ஒரு குடியேறி. தென்னமெரிக்காவின் பீக்காக் பாஸ் இங்கே பெருகியதே யாரோ கொண்டுவந்து விட்டதால்தான். ஆனால் பிளாஸ்டிக் மீனை எறிந்து இழுக்க நல்ல கோலும் சுருளும் வேண்டும். வெறும் நூலோடு வருபவருக்குப் பலகையில் 'அனுமதி' என்று எழுதியிருந்தாலும் கதவு சாத்தியதுபோலத்தான். விதியை எழுதியவர் மனதில் இருந்த மீன்பிடிப்பவர் வேறு ஆள் என்று தோன்றியது.

படகும் அப்படித்தான். 1868-இல் கட்டிய மெக்ரிட்சியில் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். நம் இஷ்டத்துக்கு எதையாவது மிதக்கவிட முடியாது. "ஊர்ல வாழைமரத்த வெட்டிக் கட்டுனா அதான் படகு" என்றார் அண்ணன்.

அதற்காக ஊரை ரொம்பவும் ஏற்றிப் பேச வேண்டாம். அங்கே கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்காரருக்கு. தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆனதும் மீன்பிடித் திருவிழா அறிவிப்பார்கள். அன்று மட்டும் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கும். மற்ற நாளில் நூல் போட்டால் திருட்டு. இங்கே வருஷம் முழுக்க அனுமதி, ஆனால் புழு கூடாது. எது பெரிய சுதந்திரம் என்று கேட்டேன். அண்ணன் டப்பாவை மூடி பைக்குள் வைத்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முஸ்தஃபாவில் சாமான் வாங்கிய கையோடு, ஒரு தூண்டில் கடையில் பிளாஸ்டிக் தவளை ஒன்றும் வாங்கிப் போனார். கண்மாயில் விரால் அதைக் கவ்வியதாம். குத்தகைக்காரரும் பார்த்துவிட்டாராம்.