புறமுகவரியும் அகமுகவரியும்

முகவரி என்பது ஒருவரைச் சென்றடையும் வழியேயன்றி, அவரே அன்று. இவ்வுண்மையைக் கீழைக்கரை முஸ்லிம் மக்கள் தம் வாழ்க்கைமுறையிலேயே கண்டவர்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் மணமுடித்த ஆண்மகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்தல் வழக்கம். அவன் வீடு மாறுகின்றது. தாய்வழி வந்த குடி மாறுவதில்லை. பின்னர் மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றோர் வேறொரு முறையைக் கண்டனர். அங்குப் பல இடங்களில் வீடுதோறும் தபால் விநியோகம் இருக்கவில்லை. நிறுவனத்தின் தபாற்பெட்டி இலக்கமே அங்குப் பணியாற்றிய அனைவருக்கும் முகவரியாயிருந்தது. கல்முனையிலிருந்து சென்ற கடிதம் அப்பெட்டியை அடைந்தபின், உரியவரைக் கண்டு சேர்ப்பிப்பது அலுவலக எழுதுவினைஞரின் பொறுப்பாயிற்று.

கணினி வலையமைப்பில் தீச்சுவர் ஆற்றும் முகவரி மாற்றமும் இத்தகையதே. இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி 32 இருமங்களால் ஆனது. ஆகவே மொத்த முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. அவை தீர்ந்துவிடும் என்பதை உணர்ந்து, எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் 1994இல் இம்முறையை விளக்கி ஆவணம் வெளியிட்டனர். உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி. வெளியுலகிற்கோ அனைத்திற்கும் ஒரே பொதுமுகவரி. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுத்தொகுதியிலிருந்த முகவரிகள் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தபோது, அன்னார் கருதியது மெய்யாயிற்று.

தபாற்பெட்டிக்கு எழுதுவினைஞர் ஒருவர் போதும். தீச்சுவரிலோ விதிகள் பல. கல்முனையில் ஒரு கிளை அலுவலகம் இருப்பதாகக் கொள்க. இணையத்திற்குச் செல்லும் பொதிகள் யாவும் பொதுமுகவரி பெறவேண்டும் என்பது ஒரு விதி. கொழும்புத் தலைமையகத்திற்கு மறைகுறியாக்கிய தனிவழியிற் செல்வன மட்டும் மாற்றமின்றிச் செல்லவேண்டும் என்பது மற்றொன்று. இலக்கணத்திற் சிறப்புவிதி எங்கு நின்றாலும் பொதுவிதியை விலக்கும். பெரும்பாலான தீச்சுவர்களிலோ வரிசைக்கே அதிகாரம். மேலிருந்து கீழாக நோக்கி, முதலிற் பொருந்தும் விதியை ஏற்று அவை நின்றுவிடும். பொதுவிதி மேலே இருப்பின், கீழுள்ள சிறப்புவிதி ஒருபோதும் எட்டப்படாது. கொழும்பிற்குரிய பொதி தன் அடையாளம் மாறி வழிதவறும்.

எவ்விதி செயற்பட்டது என்பதை ஊகத்தால் அறிதல் அரிது. பொதி புறப்பட்ட முகவரி, சேருமுகவரி, சேவையின் போர்ட் இலக்கம், அது உள்நுழைந்த இடைமுகம் ஆகிய நான்கையும் விதியோடு ஒப்பிடல் வேண்டும். ஒவ்வொரு விதியும் எத்தனை முறை பொருந்தியது என்னும் எண்ணிக்கையைக் காணலாம். சோதனைப் பொதியொன்றை அனுப்பியும் பார்க்கலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸ் முதலியவற்றில் ஓர் இணைப்பின் முதற்பொதிக்கே விதிகள் நோக்கப்படும். பின்வருவன அம்முடிவையே தொடரும். ஆதலால் விதியைத் திருத்திய பின்னரும் பழைய இணைப்பு பழைய வழியே செல்லக்கூடும். நடப்பிலுள்ள இணைப்புகளின் அட்டவணையே இதற்குச் சான்று.

இவ்வாராய்ச்சி இயந்திரத்தோடு முடிவதன்று. கைத்தொலைபேசி நிறுவனங்களும் பாவனையாளர் பலரை ஒரே பொதுமுகவரியின் பின் வைக்கின்றன. அங்கிருந்து வெறுப்பைத் தூண்டும் பதிவொன்று வெளிவரின், எழுதியவர் யார் என்பதற்கு முகவரி மட்டும் விடையாகாது. நேரமும் போர்ட் இலக்கமும், அவ்வேளை நிகழ்ந்த மாற்றத்தின் பதிவும் வேண்டும். சேவையகங்கள் நேரத்தையும் போர்ட் இலக்கத்தையும் குறித்துவைக்கவேண்டுமென 2011 ஜூனிலேயே இணையப் பொறியியற் பணிக்குழு பரிந்துரைத்தது. அவை இல்லாதவிடத்து ஐயம் அம்முகவரியைப் பகிரும் அனைவர்மீதும் படரும்.

புறமுகவரி கொண்டு மனிதரை எடைபோடுவதன் துன்பத்தை இக்கரை அறியும். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களை அடுத்து, 26ஆம் திகதி சாய்ந்தமருதில், தாக்குதலாளரின் உறவினர் தங்கியிருந்த வீட்டிற் குண்டுகள் வெடித்தன. அவ்வூரின் பெயரே அச்சத்துக்குரியதாயிற்று. ஆனால் அவ்வீட்டிற்கு வந்த புதியவர்கள்மீது ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தோர் அவ்வூர் மக்களே. ஊர்ப்பெயர் ஒன்றே, அதன்பின் இருந்தோர் ஒருவரல்லர்.

ஆதலால் விதிகளை ஒழுங்குற வைத்தலும், மாற்றங்களை நேரத்தோடு பதிந்து காத்தலும் வெறும் அலுவலகக் கடமைகளல்ல. அப்பதிவேடு அந்தரங்கத்தை வெளிப்படுத்தவும் வல்லது. எனவே அது சட்டத்தின் வழியன்றி எவர் கையிலும் சேர்தல் தகாது. அவ்வாறு காக்கப்படின், குற்றவாளியைக் காட்டுவதினும் மேலாக, குற்றமற்ற பலரை விடுவிக்கும் சான்றாக அது நிற்கும்.