கலசப்பாக்கத்துக்கு ஒரு லியோன் படம்

வெளிநாடு போய்வந்தவர்கள் எடுத்துவரும் வீடியோக்களில் பெரும்பாலும் அவர்களே நிற்கிறார்கள். பின்னால் ஒரு கோபுரமோ பாலமோ தெரியும். வீட்டுப் பெரியவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். படம் யாருக்காக என்பதை எடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். கோடை விடுமுறையில், மகள் படிக்கும் பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போனபோது நான் எடுத்த படம் என் அப்பாவுக்கு. ஆயுள் முழுக்க ஆரணிப் பட்டு நெய்தவர் அவர். கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் உட்கார்ந்து கால் மிதித்தே அவர் முட்டி தேய்ந்துபோயிற்று. விமானம் ஏறும் நிலையில் அவர் இல்லை.

லியோன் பட்டு நெய்து பேர் வாங்கிய ஊர். நம் நெசவாளர்கள் தினமும் சொல்லும் ‘ஜக்கார்டு’, 1752இல் அங்கே பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டின் பெயர்தான். அதற்கு முன் பூ வேலை நெய்யும் தறியில், கயிறுகளை இழுத்துக் கொடுக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலும் சிறு பிள்ளைகள். 1804 வாக்கில் ஜக்கார்டு அந்த வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் கொடுத்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே இருக்கும் பெட்டியும் அதே கணக்கில்தான் ஓடுகிறது.

குருவா ரூஸ் என்கிற மேட்டில் நெசவாளர் குடியிருப்புகள் இன்னும் நிற்கின்றன. ஜக்கார்டு தறி உயரமானது. அதற்கு இடம் வேண்டுமென்றே கூரையைச் சுமார் 4 மீட்டர் உயரத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பெரிய பெரிய ஜன்னல்கள். தறிக்குப் போக மிஞ்சிய இடத்தில் ஒரு பரண். குடும்பம் படுத்தது அதில். எல்லா இடத்திலும் போனை முக்காலியில் வைத்துவிட்டு நகராமல் நின்றேன். கட்டடங்களுக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் நடைவழிகள் அங்கே உண்டு. பட்டு மழையில் நனையாமல் கொண்டுபோக நெசவாளர்கள் பயன்படுத்திய வழி. அதில் நடந்துகொண்டு எடுப்பதைவிட, ஒரு முனையில் போனை வைத்து, யாராவது வந்து போகும்வரை காத்திருந்தேன். கைத்தறி நெய்து காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அனுமதி கேட்டு, நெய்பவரின் முகத்தை விட்டு, கையையும் நாடாவையும் அட்டைகள் சுற்றுவதையும் எடுத்தேன். தறிச் சத்தத்தைத் தனியாகவும் பதிந்துகொண்டேன்.

இப்படி அசையாமல் நின்று எடுப்பதற்கு அதே ஊரில் மூத்த முன்மாதிரி உண்டு. லியோனின் மோன்பிளேசிர் பகுதியில்தான் 1895 மார்ச் 19 அன்று லூயி லூமியேர், தம் குடும்பத் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவதைப் படமாக்கினார். கேமரா நின்ற இடத்தில் நின்றது. சுருள் சுமார் 17 மீட்டர், ஓடும் நேரம் 50 விநாடிக்குள். அந்தத் தெருவுக்கு ‘முதல் படத்தின் தெரு’ என்றே பெயர். ஃபிலிமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் வழி தையல் மிஷினிலிருந்து தோன்றியது என்று லூயி சொல்லியிருக்கிறார். துணி நகர்த்தும் பொறிதான் சினிமாவுக்கும் வழிகாட்டியது என்பதில் நெசவாளி வீட்டுப் பிள்ளையான எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அதே ஆண்டில் அவர் தம் அண்ணன் ஒகுஸ்த், மனைவியோடு உட்கார்ந்து குழந்தைக்குச் சோறூட்டுவதையும் எடுத்தார். சினிமா பிறந்த கையோடு வீட்டுப் படமும் பிறந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் வெட்டி ஒட்டாமல் பென் டிரைவில் போட்டு டிவியில் ஓடவிட்டேன். அப்பா, சித்தப்பா, பக்கத்துத் தெருவில் இன்னும் தறி ஓட்டும் ரெண்டு பேர், அத்தை. முதல் பத்து நிமிஷம் அத்தையின் ராஜ்ஜியம். ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி ஒன்பதரை வரை வெயில் இருக்கும் என்றதும், “அப்ப விளக்கு ஏத்தற நேரம் எது? சோறு எப்பத் துன்னுவாங்க?” என்று கேட்டார். தறி திரையில் வந்ததும் சத்தம் அடங்கிற்று. பிறகு அப்பா, “அட, நம்ம பெட்டிதான்டா. அட்டையைப் பாரு. கொஞ்சம் நிறுத்து” என்றார். நிறுத்தினேன். எழுந்து போய், டிவி மேல் விரலை வைத்து, எந்தக் கொக்கி எப்போது ஏறும் என்று சித்தப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் பேசுவதைப் போனில் பதிந்தேன்.

படத்தின் வர்ணனை அப்போது கிடைத்தது. நான் எழுதி வாசிக்க நினைத்ததை விட்டுவிட்டேன். 1940இல் காந்தி ஆவணப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வந்தார். அவர், பலர் பல நாடுகளில் எடுத்துவைத்திருந்த சுருள்களை நாடு நாடாகத் தேடிச் சேர்த்தவர். எடுத்தவர்களுக்கு அவை தனித்தனிச் சம்பவங்கள். சேர்த்தவர் கையில்தான் ஒரு வாழ்க்கையாயின. பயணப் படமும் போகாதவர் வாய் திறந்த பிறகுதான் முழுமையாகிறது என்று நம்புகிறேன். லியோனில் தறிக்கு முன்னால் நான் நின்றது உண்மை. அந்தத் தறி என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் கலசப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

1831 நவம்பரில் லியோன் நெசவாளர்கள் திரண்டெழுந்து ஊரையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். “கூலிக்கா?” என்றார் அப்பா, ஒரு நொடி யோசிக்காமல். ஆமாம், நெசவுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கூலியை வியாபாரிகள் சிலர் தர மறுத்தார்கள், கடைசியில் ராணுவம் வந்தது. ஆரணியில் பட்டுச்சேலையை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் காத்திருந்த நாட்களை அப்பா சொல்லத் தொடங்கினார். அதையும் வெட்டாமல் சேர்த்திருக்கிறேன். அந்த இடத்தில் திரையில் குருவா ரூஸின் படிக்கட்டு மட்டும் ஓடுகிறது, நீளமாக.

அப்பா இரண்டு விஷயம் கேட்டார். துணியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. மகள் போய் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். பாவு தீர்ந்தால் புதுப் பாவை எப்படிப் பிணைக்கிறார்கள், கையாலா மிஷின் வைத்தா என்பது இன்னொன்று. அதை அவள் இன்னும் கேட்டுச் சொல்லவில்லை. அதற்கு இடம் விட்டுத்தான் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.